எந்தப் பக்கத்தைக் காட்டுவது? மயிலாடும்பாறை இரும்பு முதல் விண்கல் வரை: இணையக் காப்பகங்கள், ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை, 2022 மே மாதம் வரை தொல்லியல் ஆர்வலர்களுக்கு மட்டுமே நன்கு தெரிந்த ஊர். அந்த மாதம் 9-ஆம் தேதி சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அங்கே எடுத்த மாதிரிகளின் காலக்கணிப்பை வைத்து, தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு 4,200 ஆண்டுகள் பழமையானது என்று அறிவித்தார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரும்பின் வயது ஏறிக்கொண்டே போகிறது. ஒருவர் 4,200 என்கிறார், இன்னொருவர் 5,300 என்கிறார், மூன்றாமவர் 10,000 என்று அடித்துச் சொல்கிறார். மூவரும் 'ஆய்வில் நிரூபணம்' என்றே தொடங்குகிறார்கள்.

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு இதில் எது சரி என்று பார்க்க இன்றைக்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. நாளிதழ், காணொளி, துறையின் அறிக்கை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகம், மின்நூலகங்கள், இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எதை எதற்கு நம்பலாம் என்பது தெளிவாகும். என் அளவுகோல் ஒன்றுதான்: 'இதோ, இந்தப் பக்கம், இந்த வரி' என்று விரல் வைத்து எதிரில் இருப்பவருக்குக் காட்ட முடிகிறதா? எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். யார் எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, பக்க எண் என்ன?" என்பதுதான். அந்தக் கேள்வியைவிடச் சிறந்த சோதனையை நான் கண்டதில்லை.

நாளிதழா, காணொளியா, அறிக்கையா?

மயிலாடும்பாறையையே எடுத்துக்கொள்வோம். வெளியான காலக்கணிப்புகள் இரண்டு. 104 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 1615, 130 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 2172. இரண்டாவது எண்ணோடு 2022-ஐக் கூட்டி, பூஜ்ய ஆண்டு என்று ஒன்று இல்லாததால் ஒன்றைக் கழித்தால் 4,193 வருகிறது. அதைத்தான் 4,200 என்று முழுமையாக்கிச் சொன்னார்கள். ஆக, நாளிதழ்கள் போட்ட எண் சரி. தேதியோடும் சொன்னவர் பெயரோடும் அச்சாகியிருப்பதால் அதை எடுத்துக் காட்டவும் முடிகிறது.

ஆனால் நாளிதழில் இடம் குறைவு. அதனால் முக்கியமான ஒரு செய்தி சுருங்கிப்போகிறது. இங்கே வயது கணிக்கப்பட்டது இரும்புக்கு இல்லை. இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்கில் இருந்த கரிமப் பொருளுக்கு. உயிருள்ளவை இறந்த பிறகு அவற்றில் புதிதாகக் கார்பன்-14 சேர்வதில்லை, இருப்பது சிதைந்து குறையத் தொடங்குகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. மிச்சம் எவ்வளவு என்று முடுக்கி நிறைமாலைமானி என்ற கருவியால் அளந்து, மர வளையங்கள் போன்றவற்றைக் கொண்டு திருத்தி, காலத்தைச் சொல்கிறார்கள். வருவதும் ஒற்றை ஆண்டு அல்ல, ஒரு கால எல்லை. செய்திக்காக அதன் மைய மதிப்பை எடுத்துச் சொல்கிறார்கள். அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே காலத்தில் புதைந்தவைதானா என்பதை ஆய்வுக்கூடம் சொல்லாது. மண்ணடுக்கைப் படித்த அகழாய்வாளர்தான் சொல்ல வேண்டும். எந்தக் குழி, எந்த அடுக்கு, அந்த அடுக்கில் வேறு என்ன கிடைத்தது என்ற விவரம் அறிக்கையில் இருக்கும். மாநிலத் தொல்லியல் துறையின் வெளியீடுகளைத் தேடிப் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். வரைபடமும் அட்டவணையும் பார்த்துப் பயந்துவிட வேண்டியதில்லை. காலக்கணிப்பு அட்டவணை ஒன்றை மட்டும் படித்தால்கூடப் பாதிக் குழப்பம் தீரும்.

அப்படியானால் 5,300 எங்கிருந்து வந்தது? 2025 ஜனவரி 23 அன்று 'இரும்பின் தொன்மை' என்ற ஆய்வறிக்கை வெளியானது. அதில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது. 5,300 என்பது அந்த எண். அது தாமிரபரணிப் பக்கத்து எண். தென்பெண்ணைப் பக்கத்தது இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டையும் கலந்து 'கிருஷ்ணகிரியில் 5,300 ஆண்டு இரும்பு' என்று ஆக்கிவிட்டார்கள். நம் மாவட்டத்துக்குப் பெருமை சேர்க்கும் ஆசையில்தான் இது நடக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் கி.மு. 2172-க்கே போதுமான பெருமை இருக்கிறது. அடுத்த வீட்டு எண்ணை இரவல் வாங்க வேண்டியதில்லை.

10,000 கதை காணொளிகளின் கைவரிசை. மயிலாடும்பாறைப் பகுதியில் நுண்கற்கருவிகளும் கிடைத்திருக்கின்றன. அவை இரும்பைவிட மிகப் பழையவை. கல்லையும் இரும்பையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் கேட்பவர் கல்லின் வயதை இரும்புக்கு ஏற்றிக்கொள்வார். பேச்சில் அடிக்குறிப்பு கிடையாது. சொன்னவரிடம் பக்க எண்ணும் கேட்க முடியாது. நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு காணொளியின் கீழ், 'எந்த அறிக்கை?' என்று கேட்டேன். பதில் வரவில்லை, கேள்வி மட்டும் காணாமல் போயிற்று.

இருந்தும் காணொளியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அறிக்கையில் நூறு வரி படித்தாலும் விளங்காத ஒன்று, பாறைச் சரிவையும் கல்வட்டங்களையும் ஒருவர் நடந்துபோய்க் காட்டும்போது சட்டென்று விளங்கிவிடுகிறது. மல்லசந்திரத்துக் கல்திட்டைகளை ஒருமுறையாவது திரையில் பார்த்தவர் 'பெருங்கற்காலம்' என்ற பாடநூல் சொல்லை மறக்க மாட்டார். இடத்தைப் பார்க்கக் காணொளி, தேதிக்கு நாளிதழ், வயதுக்கு அறிக்கை. மூன்றில் ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், யோசிக்காமல் அறிக்கையை வைத்துக்கொள்வேன்.

மாறிப்போகும் பக்கங்களை யார் நினைவில் வைப்பது?

அறிவியல் செய்தியில் இன்னொரு சிக்கல் உண்டு. நேற்று உண்மையாக இருந்த எண் இன்று மாறிவிடும். மாறுவதுதான் அறிவியலின் ஆரோக்கியம். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல்லைக் கண்டது. அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் என்று 2025 பிப்ரவரி 18 அன்று நாசா கணித்தது. ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 24-இல், அதே நாசா 0.004 சதவீதம் என்றது. முதல் கணக்கில் தவறு ஒன்றுமில்லை. விண்கல் போகக்கூடிய பாதை முதலில் அகலமான பட்டையாகத் தெரிகிறது. கூடுதல் அவதானிப்புகள் வர வர அந்தப் பட்டை குறுகுகிறது. குறுகிய பட்டைக்குள் பூமி நிற்கும் வரை சதவீதம் ஏறும். பட்டை பூமியைவிட்டு விலகியதும் ஒரேயடியாக விழும்.

அந்த 3.1 சதவீதச் செய்தி அதன் பிறகும் எங்கள் குழுக்களுக்கு வந்துகொண்டிருந்தது. அனுப்பியவரிடம் 'பொய்' என்று சொன்னால் சண்டை வரும். அவர் சொன்னது ஒரு நாள் உண்மையாகத்தான் இருந்தது. அன்றைய பக்கத்தையும் அதற்கு அடுத்த வாரப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் சண்டை இல்லை. அதற்குப் போட்டியிடும் கருவிகள் மூன்று: ஸ்கிரீன்ஷாட், பின்னர் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இரண்டு தளங்களான ஆர்க்கைவ்.டுடே, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரே ஒரு நன்மை. அஞ்செட்டி மலைப்பாதையில் சிக்னல் போன பிறகும் போனில் திறக்கும். மற்றபடி முகவரியும் இல்லை, தேதியும் இல்லை, யாரும் திருத்திவிடலாம். சாட்சியாக அதை நான் ஏற்பதில்லை.

ஆர்க்கைவ்.டுடே 2012 முதல் இயங்குகிறது. பக்கம் திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே சேமித்துக் கொடுப்பதில் கெட்டிக்காரத் தளம். ஆனால் அதை நடத்துபவர் யார் என்பது வெளிப்படையாகத் தெரியாது. ஆவணத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அதனால் எனக்கு அது இரண்டாவது இடம்தான்.

வேபேக் மெஷின் முதலிடம். அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவ், 1996-இல் புரூஸ்டர் கால் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. 2001 முதல் பொதுமக்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சேமித்த பக்கத்தின் முகவரிக்குள்ளேயே இருக்கும் 14 இலக்க எண். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் அதைப் படிக்க வேண்டும். 20250217203000 என்று இருந்தால் 2025 பிப்ரவரி 17, இரவு 8.30. ஆனால் இது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், இந்தியாவில் அப்போது பிப்ரவரி 18 அதிகாலை 2 மணி. தேதி விஷயத்தில் வாதம் வந்தால் இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காதவர் ஒரு நாள் பிசகிவிடுவார். நாமே ஒரு பக்கத்தைச் சேமிக்கவும் அதில் வழி இருக்கிறது. முகவரியை ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முக்கியமான செய்தியைப் பகிர்வதற்கு முன் அதைச் செய்துவிடுவது நல்ல பழக்கம்.

குறைகளும் உண்டு. தளத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பக்கங்களை விலக்கிவிடுவார்கள். காணொளிகள் பெரும்பாலும் சேமிப்பில் நிற்பதில்லை. வாட்ஸ்அப் செய்தியை அது தொடவே முடியாது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, 3 கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகளின் விவரம் கசிந்து, தளமே சில நாள்கள் முடங்கிக் கிடந்தது. அந்த நாள்களில்தான் உலகத்தின் நினைவை ஒரே அமைப்பிடம் விட்டுவைத்திருக்கிறோம் என்பது பலருக்கு உறைத்தது. எனக்கும் அந்தக் கவலை இன்னும் போகவில்லை. ஆனாலும் இன்றைய தேதியில் இதற்கு நிகரான மாற்று இல்லை.

மின்நூலகங்கள்

இனி புத்தகங்கள். செய்தியில் வரும் எண்ணைச் சரிபார்த்தபின், 'இந்தப் பகுதியில் இரும்பைப் பற்றி முன்பு யார் என்ன எழுதினார்கள்?' என்ற ஆசை தானாக வரும். அந்த ஆசையோடு ஐந்து இடங்களுக்குப் போகலாம். ஐந்தும் ஒன்றுக்கொன்று போட்டி என்று சொல்வதைவிட, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் அரைகுறை என்று சொல்வதே பொருத்தம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம் 2017-இல் தொடங்கப்பட்டது. தமிழுக்கு இவ்வளவு பெரிய பொதுச் சொத்தை அரசு நிறுவனம் ஒன்று இலவசமாகத் திறந்துவைத்தது பாராட்ட வேண்டிய செயல். நாட்டுடைமை நூல்கள், பழைய இதழ்கள் எல்லாம் அச்சான பக்கங்களின் படமாகவே கிடைக்கின்றன. நம்பகத்தில் இதை அடித்துக்கொள்ள முடியாது. பதிப்பாளர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கண்முன் இருக்கும். பக்க எண் கேட்கும் தலைமையாசிரியருக்கு இதைவிட நிறைவான பதில் கிடையாது. சிக்கல், தேடுவதில் இருக்கிறது. நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தெரிந்தவருக்கு இது சொர்க்கம். 'இரும்பு' என்ற சொல் எந்த நூலில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்பவருக்கு, பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கோப்புகளும் கனம். பென்னாகரத்தைத் தாண்டினால் அந்தக் கனம் நன்றாகவே தெரியும்.

அதே கழகத்தின் தகவலாற்றுப்படை என்ற தளத்தையும் சொல்ல வேண்டும். தொல்லியல் இடங்கள், கல்வெட்டுகள், நடுகற்கள் பற்றிய விவரங்கள் படங்களோடு அங்கே இருக்கின்றன. நடுகற்களுக்குப் பேர்போன தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளி ஆசிரியர்கள் முதலில் திறக்க வேண்டிய தளம் இது.

இன்டர்நெட் ஆர்க்கைவின் நூல் பகுதி ஆங்கிலேயர் காலத்துக்கு ஒப்பற்றது. இங்கே தேடத் தெரிந்திருக்க வேண்டும். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். ஆகவே பழைய நூல்களில் இந்த இரண்டு பெயரிலும் மாவட்டத்தைத் தேடினால் கைக்குக் காற்றுதான் மிஞ்சும். சேலம் மாவட்டம் என்று தேட வேண்டும். அதற்கும் முந்தைய காலத்துக்குப் பாராமகால் என்று தேட வேண்டும். 1792-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இந்தப் பகுதியை நிர்வாகம் செய்த காலத்து ஆவணங்கள் அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன. லெ பானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் வந்தது. சேலத்து இரும்புத் தாதுவை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய கதையைத் தேடிப் போகிறவருக்கும் வழி சேலம் என்ற பெயர்தான். கிருஷ்ணகிரியை அந்நாளைய துரைமார்கள் கிஸ்ட்னகெரி என்றெல்லாம் எழுதினார்கள்; அந்த எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரி ஆங்கில அச்சை நன்றாகப் படித்துவிடுவதால், இங்கே நூலுக்குள்ளேயே தேடிப் பக்கத்தில் போய் இறங்கலாம். தமிழ் நூலுக்கு அந்தச் சுகம் குறைவு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை போன்றவை யானைக்கொம்பு போட்ட பழைய வடிவில் இருக்கும். சில அச்சுகளில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். எழுத்துணரி அங்கே திக்குமுக்காடி எதையோ எழுதி வைக்கும். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் ஏற்றுவதால் தலைப்பு ஒரு மாதிரி, ஆண்டு ஒரு மாதிரி இருக்கும். தலைப்பைப் பார்த்து நம்பாமல், திறந்து முகப்புப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். பதிப்பகங்களோடு நடந்த வழக்கில் 2023-இலும் மேல்முறையீட்டில் 2024-இலும் தோற்றதால் இரவல் கொடுத்துவந்த புத்தகங்களில் பெரும் எண்ணிக்கையை அவர்கள் விலக்க வேண்டியதாயிற்று. நமக்கு வேண்டிய 19-ஆம் நூற்றாண்டு நூல்களுக்கு அதனால் பாதிப்பில்லை.

மதுரைத் திட்டம் முற்றிலும் வேறு வகை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்சுனனும் தொடங்கிய தன்னார்வ முயற்சி. உலகெங்கும் உள்ள தமிழர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். இங்கே நூல் எழுத்தாகவே இருக்கிறது. ஒரு முழுச் சங்க நூலும் போனில் இம்மியளவு இடம்தான் எடுக்கும். ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாமலும் தேடலாம்.

இதன் அருமையை நம் ஊர்க்காரர்கள் எளிதாக உணரலாம். இன்றைய தருமபுரியான தகடூரின் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது பாடியது புறநானூற்றின் 95-ஆவது பாடல். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறது அந்தப் பாட்டு. இரும்பைப் பற்றிய செய்தியில் தருமபுரிக்காரருக்கு இதைவிட நெருக்கமான வரி எங்கே கிடைக்கும்? படப் பக்கங்களில் இதைக் கண்டுபிடிக்கப் பாடல் எண் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துக் கோப்பில் சொல்லைப் போட்டால் போதும். ஆனால் எந்தச் சொல்? கொல்லன் பட்டறை என்ற பொருளில் சந்தி பிரித்த பாடத்தில் 'கொல்துறை' என்று இருக்கும், பிரிக்காத பாடத்தில் 'கொற்றுறை' என்று இருக்கும். ஒன்றைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மற்றதைத் தேட வேண்டும். கணினிக்குப் புணர்ச்சி விதி தெரியாது. தேடுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மதுரைத் திட்டத்தின் குறை, எழுத்துக்குப் பக்கத்தில் மூலப் பக்கம் இல்லாதது. பாடத்தில் ஐயம் வந்தால் அச்சு நூலைத் தேடி வேறிடம் போக வேண்டும். அங்கேதான் விக்கிமூலம் முந்துகிறது.

ஐந்தில் என் மனம் கவர்ந்தது விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் ஆயிரக்கணக்கில் இங்கே ஏறியிருக்கின்றன. ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், மறு பக்கம் அதன் எழுத்து. தேடவும் முடிகிறது, விரல் வைத்துக் காட்டவும் முடிகிறது. பக்கத்தின் தரத்தை நிறத்தாலேயே சொல்லிவிடுகிறார்கள். சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்புப் பார்க்கவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்திருக்கிறார். பச்சை என்றால் இரண்டாமவர் ஒருவரும் சரிபார்த்துவிட்டார். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. எந்த நூலகமும் தன் குறையை இவ்வளவு நேர்மையாக முகப்பில் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. இன்னும் ஏராளமான பக்கங்கள் சிவப்பில்தான் இருக்கின்றன. அதுவே ஒரு நல்ல அழைப்பு. தமிழ் தட்டச்சு தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் மாலையில் சிறிது நேரம் உட்கார்ந்தால் சில பக்கங்களை மஞ்சளாக்கிவிடலாம். 'லை' இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துணரி போட்ட குப்பையை எடுத்துவிட்டுச் சரியான எழுத்தை வைக்கும்போது கிடைக்கும் நிறைவு, செய்து பார்த்தவருக்குத் தெரியும்.

நூலகம் தளம் 2005-இல் இலங்கையில் தொடங்கியது. ஈழத்து நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்களுக்கு அதுதான் முதல் முகவரி. நம் மாவட்ட இரும்புக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் தமிழில் அறிவியல் எழுத விரும்புகிறவர் அதைத் தவறவிடக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் பிஷ் கிறீன் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்த மண் அது. அறிவியலைத் தமிழிலேயே எழுதும் பழக்கம் அங்கே ஆழமாக வேரூன்றியது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆகாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 'திருத்திய கார்பன் காலம் என்றால் என்ன?' என்று கேளுங்கள், பொறுமையாக விளக்கும். புரியவில்லை என்றால் வேறு விதமாகவும் விளக்கும். அதற்கு அது அருமையான துணை. 'மயிலாடும்பாறைக் காலக்கணிப்பு எந்த அறிக்கையில் எந்தப் பக்கம்?' என்று கேட்டால், இல்லாத பக்கத்தையும் அதே உறுதியோடு சொல்லிவிடக்கூடும். விளக்கத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம், சாட்சிக்கு வேண்டாம்.

நம் பங்குக்கு

இவ்வளவு நேரம் எடுப்பதைப் பற்றியே பேசினோம். வைப்பதைப் பற்றியும் ஒப்பிட வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நடுகற்கள் நிற்கின்றன. வழியில் ஒன்றைப் பார்த்துப் படம் எடுப்பவர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், அல்லது முகநூலில் போடுகிறார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும். எடுத்த நாள், இடம் போன்ற உள் விவரங்களும் உதிர்ந்துவிடும். எழுத்துப் பொறித்த கல் என்றால் சுருங்கிய படத்தில் ஓர் எழுத்தும் தேறாது. அதையே டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். முகநூலில் போட்டால் நாலு நாள் விருப்பக்குறி விழும், அடுத்த மாதம் போட்டவராலேயே தேடி எடுக்க முடியாது.

விக்கிமீடியா பொதுவகம் இந்த வேலைக்கு மிகவும் மேல். 2004 முதல் இருக்கிறது. எடுத்தவர் யார், எந்த நாள், எந்த உரிமத்தில் தருகிறார் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. முழு அளவுப் படம் நிற்கிறது. நாளை ஒரு கல்வெட்டு ஆய்வாளர் அதைப் பெரிதாக்கிப் படித்து வாசகத்தைச் சொல்ல முடியும். ஊர், வட்டம், மாவட்டம் மூன்றையும் தமிழில் எழுதுங்கள். ஊர்ப் பெயர்கள் இங்கே திரும்பத் திரும்ப வருவதால் வட்டத்தின் பெயர் இல்லாமல் படம் பயன்படாது. ஒரே ஒரு எச்சரிக்கை: காவல் இல்லாத கல்வட்டத்துக்கும் ஈமக்குழிக்கும் துல்லியமான இட எண்களைப் பொதுவில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். புதையல் தேடித் தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தைத் தொல்லியல் துறைக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, பொதுவில் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வது போதும்.

படம் எடுக்கும்போது எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்லின் மேல் சுண்ணாம்போ சாக்பீஸோ தடவ வேண்டாம். காலை அல்லது மாலைச் சாய்வெயில் விழும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுத்தாலே பொறிப்பு எழும்பித் தெரியும். அளவு தெரிய ஒரு ஸ்கேலைக் கீழே வையுங்கள். கல்லைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் எடுங்கள்.